பிறரிடமிருந்து பெற்ற முயலின் இனத்தை உய்த்தறிதல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் குடும்பங்களிற் சில, ஆடு, மாடு, கோழி என்பவற்றோடு முயலையும் வளர்த்து வருகின்றன. இம்முயல்களுட் பல முறையான பண்ணையிலிருந்து வந்தவை அல்ல. மரக்கறி மொத்த வியாபாரம் 2020ஆம் ஆண்டையடுத்துப் பேலியகொடைக்கு மாற்றப்பட்ட போதிலும், கொழும்புக்குச் செல்லும் கமக்காரர் புறக்கோட்டைக் கடைவீதியை எட்டிப் பாராது திரும்புவது அரிது. அவ்வாறு சென்றவர் பிள்ளைகளின் விருப்பத்திற்காக ஒரு முயற்குட்டியை வாங்கி வருதல் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளில் வாழ்வோர், வீடு மாறுங்காலத்தில் தாம் வளர்த்த முயலை ஊரிலுள்ள உறவினரிடம் ஒப்படைத்தலும் உண்டு.

இவ்வாறு வந்துசேரும் முயலுடன் அதன் தாய், தந்தை பற்றிய குறிப்பு எதுவும் வருவதில்லை. விற்றவர் கூறிய பெயர் ஒன்றே வரும். அப்பெயர் மெய்யா பொய்யா என்பது வீண் ஆராய்ச்சியன்று. முயல் எவ்வளவு பருக்கும், அதற்கு எத்துணைப் பெரிய கூடு வேண்டும், தாழ்நிலத்து வெப்பத்தை அது தாங்குமா, அதனை இனவிருத்திக்கு வைத்துப் பணம் முதலிடலாமா என்னும் வினாக்கள் யாவும் இதனோடு தொடர்புடையன. எனவே, முயலின் இனத்தை எவ்வளவிற்கு அறியமுடியும், எதனைக் கொண்டு அறிதல் வேண்டும் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

1. இனம் என்பது யாது?

உலகில் வளர்க்கப்படும் முயல்கள் யாவும் ஒரே காட்டு முயற் சாதியிலிருந்து தோன்றியவை. அச்சாதியின் தாயகம் ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகளாகும். மனிதர் தமக்கு வேண்டிய குணங்களையுடைய விலங்குகளைத் தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகத் தம்முட் சேர்த்தமையால் வெவ்வேறு இனங்கள் உண்டாயின. இன்றுள்ள இனங்களுட் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள் உருவாக்கப்பட்டவையே. 1910ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் ஏறக்குறைய 50 இனங்களை ஏற்று, ஒவ்வொன்றிற்கும் நிறை, காது, மயிர், நிறம் என்பவை எவ்வாறு இருத்தல் வேண்டுமென வரையறை செய்துள்ளது.

இவ்வினங்கள் யாவும் தம்முட் கலந்து குட்டி ஈனத்தக்கவை. பல நிற முயல்களை ஒரே கொட்டிலில் விட்டு வளர்க்குமிடத்து, இரண்டு மூன்று ஈற்றுக்களுக்குள் எந்த இனமும் தனித்து நில்லாது. ஆதலின், குறிப்பேடு இல்லாத முயலைக் கலப்பு முயலென்றே முதலிற் கொள்ளல் வேண்டும்.

இதனைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். சிவந்த அரிசி ஒரு பிடியை எடுத்து, அது பச்சைப்பெருமாளா, மொட்டைக்கறுப்பனா, ஏ.ரீ. 362ஆ என்று நிறத்தைக் கொண்டு மாத்திரம் கூறமுடியுமா? மூன்றும் சிவந்த அரிசி தருவனவே. நெல்மணியின் நீளம், பயிரின் உயரம், விளையும் நாள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்த பின்னரே ஓரளவு ஊகிக்கலாம். உறுதி வேண்டின், அத்தாட்சிப்படுத்திய விதை மூடையிற் கட்டப்பட்ட சீட்டே சான்று. முயலுக்கு அச்சீட்டினைப் போன்றது அதன் வமிசாவளிக் குறிப்பு. அஃது இல்லாதவிடத்து, நாம் கூறத்தக்கது "இன்ன இனத்தைப் போன்றது" என்பதேயன்றி, "இன்ன இனம்" என்பதன்று.

2. பெயர்கள் தரும் மயக்கம்

முயலினங்களின் பெயர்களைக் கொண்டு அவற்றின் பிறப்பிடத்தை அறியமுடியாது. நியூசிலாந்து வெள்ளை எனப்படும் முயல் நியூசிலாந்திற் பிறந்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது அது. இமாலயன் என்னும் முயல் இமயமலையிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று கிடையாது. கலிபோர்னியன் என்னும் பெயர் மாத்திரம் பொருந்தும். ஜோர்ஜ் வெஸ்ற் என்பார் 1923ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிலேயே இமாலயன், சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகியவற்றைக் கொண்டு அதனை உருவாக்கத் தொடங்கினார்.

பெயருக்கு மயங்கிப் பணத்தை இழந்தோர் கதையும் உண்டு. ஆங்கிலத்திற் "பெல்ஜியன் காட்டு முயல்" என்று பொருள்படும் பெயரையுடைய ஓரினம், உண்மையில் வளர்ப்பு முயலேயாம். 1898 முதல் 1901 வரையான காலத்தில் அமெரிக்காவில் இம்முயலின்மேற் பெரும் மோகம் உண்டாயிற்று. பெயர்பெற்ற ஒரு முயலுக்கு நூற்றுக்கணக்கான டொலர் விலையாகக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் அதனை உண்பதற்கோ மயிருக்கோ வாங்கவில்லை. குட்டிகளைப் பிறருக்கு அதே விலைக்கு விற்கலாம் என்று எண்ணியே வாங்கினர். எல்லோரும் விற்க முற்பட்டவுடன் வாங்குவோர் இலராயினர், விலை வீழ்ந்தது. இனப்பெயருக்காக மிகுந்த விலை கேட்கப்படும் எவ்விடத்தும் கமக்காரர் இதனை நினைவிற் கொள்வாராக.

3. நிறம் நற்சான்று அன்று

வெள்ளை மயிரும் சிவந்த கண்ணும் உடைய முயலைக் கண்டவுடன் "நியூசிலாந்து" என்று கூறுதல் வழக்கமாகிவிட்டது. இது தவறான முடிவு. நிறமே உண்டாகாத தன்மை எந்த இனத்திலும் தோன்றக்கூடும். அங்கோரா, பிளெமிஷ் பேரினம், மிகச் சிறிய குள்ள இனங்கள் ஆகியவற்றிலும் சிவந்த கண்ணுடைய வெள்ளை முயல்கள் உள்ளன.

மென்டல் என்பாரின் பரம்பரை விதிகள் முயலுக்கும் பொருந்துமென்பதை இங்கிலாந்தில் ஹர்ஸ்ற் என்பாரும் (1905), அமெரிக்காவிற் காசில் என்பாரும் (1909) ஆராய்ந்து காட்டினர். அவ்விதியின்படி, வெள்ளைத் தன்மை மறைந்து நிற்கத்தக்க குணம். கபில நிறமுடைய தாய், தந்தை இரண்டும் அக்குணத்தை மறைவாகக் கொண்டிருப்பின், அவற்றின் குட்டிகளிற் சராசரி நான்கில் ஒன்று வெள்ளையாகப் பிறக்கும். அக்குட்டியின் உடலில் நியூசிலாந்து இரத்தம் ஒரு துளியும் இல்லாதிருக்கலாம்.

இதில் மற்றோர் ஏமாற்றமும் உண்டு. சிவந்த கண்ணுடைய இரு வெள்ளை முயல்களைச் சேர்த்தால் குட்டிகள் யாவும் வெள்ளையாகவே பிறக்கும். "குட்டிகள் மாறாமற் பிறக்கின்றன; ஆகவே இது தூய இனம்" என்று வளர்ப்பவர் எண்ணிவிடுவார். மாறாதது நிறம் ஒன்றே. அக்குட்டிகளுள் ஒன்று 2 கிலோகிராமிலும் மற்றொன்று 4 கிலோகிராமிலும் வளர்ச்சி நிற்கக்கூடும். தூய இனமாயின் நிறையும் உருவும் ஒத்திருத்தல் வேண்டும்.

உடல் வெண்மையாகவும், மூக்கு, காது, பாதம், வால் என்பவை கருமையாகவும் உள்ள முயலை இமாலயன் அல்லது கலிபோர்னியன் என்பர். இக்குறிகள் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவன. இம்முயல்களில் நிறத்தை உண்டாக்கும் நொதியம் உடலின் வெப்பமான பாகங்களிற் செயற்படாது. குளிர்ந்த முனைகளில் மாத்திரமே செயற்படும். முதுகில் ஓரிடத்து மயிரை நீக்கி அவ்விடத்தைப் பனிக்கட்டியாற் குளிர்வித்தால், புதிதாக முளைக்கும் மயிர் கருமையாக இருப்பதைப் பரிசோதனையிற் கண்டுள்ளனர். இமாலயன் குட்டிகள் வெண்மையாகப் பிறந்து, பின்னரே கருமை பெறுகின்றன என்பதைச் சாள்ஸ் டார்வின் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே குறித்துள்ளார்.

இதன் பயனாக, ஒரே ஈற்றிற் பிறந்த இரு குட்டிகளுள் ஒன்றை நுவரெலியாவிலும் மற்றொன்றைக் கொழும்பிலும் வளர்த்தால், மலைநாட்டு முயலின் குறிகள் அழுத்தமாகவும் கொழும்பு முயலின் குறிகள் மங்கலாகவும் அமையக்கூடும். கொழும்பிற் பெற்ற முயலின் மூக்கு வெளிறிச் சாம்பல் நிறமாக இருப்பதைக் கொண்டு, அது கலிபோர்னியன் வழியைச் சேர்ந்ததன்று என்று தள்ளிவிடலாகாது. வாங்கும்போது மங்கலாக இருந்த குறி, மலைநாட்டிற்குக் கொண்டுசென்ற பின் மயிர் உதிர்ந்து முளைக்கையிற் கருமை பெறுதலும் கூடும்.

கபில நிறமும் சாம்பல் நிறமும் அவ்வாறே. மயிரை வாயால் ஊதிப் பார்த்தால் அடியில் ஒரு நிறமும் நடுவில் வேறொரு நிறமும் நுனியிற் பிறிதொன்றுமாக வளையங்கள் தோன்றுமாயின், அது காட்டு நிறம் எனப்படும் பழைய நிறமாகும். அதில் மஞ்சட் சாயல் நீங்கி வெண்மை தோன்றுவது சின்சில்லா நிறம். 1913ஆம் ஆண்டிற் பிரான்சிற் காட்சிக்கு வைக்கப்பட்ட சின்சில்லா இனம் இந்நிறத்தால் புகழ்பெற்றது. ஆயினும், இந்நிறம் கலப்பு முயல்களிலும் தோன்றும். நெற்றியில் வெள்ளைப் பட்டையும் கழுத்தில் வெள்ளை வளையமும் உள்ளன யாவும் டச்சு இனமல்ல என்பதும் இதனாற் பெறப்படும்.

4. உருவளவே முதற் சான்று

நிறத்தைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் முழு வளர்ச்சி பெற்ற முயலின் நிறையைக் கவனித்தல் வேண்டும். இனவரையறைகளிற் கூறப்படும் நிறைகளுட் சில வருமாறு:

நெதர்லாந்துக் குள்ளன்: ஏறக்குறைய 1 கிலோகிராம், 1.1 கிலோகிராமுக்கு மேற்படாது.
இமாலயன்: 1.1 முதல் 2 கிலோகிராம்.
ஒல்லாந்துத் தொங்குகாதன்: 1.8 கிலோகிராமுக்கு மேற்படாது.
டச்சு: 1.6 முதல் 2.5 கிலோகிராம்.
கலிபோர்னியன்: 3.6 முதல் 4.8 கிலோகிராம்.
நியூசிலாந்து வெள்ளை: 4.1 முதல் 5.4 கிலோகிராம்.
பிளெமிஷ் பேரினம்: ஏறக்குறைய 6 கிலோகிராமும் அதற்கு மேலும்.

இவை குளிர்நாடுகளில் நல்ல தீனியிட்டு வளர்க்கப்படும் முயல்களுக்கு உரியவை. தாழ்நிலத்து வெப்பத்தில் முயல் குறைவாகவே உண்ணும். ஆதலின் நிறையும் குறைதல் இயல்பு. 3.5 கிலோகிராம் நிறையுள்ள வெள்ளை முயல் நியூசிலாந்து வழியினதாக இருக்கக்கூடும். 1.8 கிலோகிராமில் வளர்ச்சி நின்ற முயல், நன்கு உண்டு வளர்ந்ததாயின், அவ்வினத்ததாக இருத்தல் அரிது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளைப் பேரினமும் சோவியத் சின்சில்லாவும் இறைச்சிக்கென வளர்க்கப்படுகின்றன. பருத்த இனங்களுக்குக் குளிர்ந்த மலைநாடு ஏற்றதென்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

நிறையைக் கொண்டு முடிவு செய்யுமுன் வயதை அறிதல் இன்றியமையாதது. மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்து மதிப்பிடும் கமக்காரர், முயலில் அவ்வாறு செய்ய இயலாது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்து தேய்வன. வேறு அடையாளங்களைப் பார்த்தல் வேண்டும். இளங்குட்டியின் நகங்கள் பாதமயிருள் மறைந்திருக்கும். முதிர்ந்த முயலின் நகங்கள் வெளியே நீண்டு தோன்றும். ஆண் முயலின் விதைகள் ஏறக்குறைய 10 முதல் 12 வாரத்தில் வெளியே இறங்கும். முதிர்ந்த பெண் முயல்கள் பலவற்றில் மோவாயின் கீழ்த் தோல் மடிந்து தொங்கும்.

இங்குதான் வாங்குவோர் பெரிதும் ஏமாறுகின்றனர். ஆறு வாரக் குட்டியைக் கையில் வைத்து, "இது குள்ள இனம், இதற்குமேல் வளராது" என்று கூறி விற்றால் அறியாதவர் நம்பிவிடுவர். எந்தப் பேரினமும் ஆறாம் வாரத்திற் சிறிதாகவே இருக்கும். விதை இறங்கிய ஆண் முயல் 1 கிலோகிராமுக்கு உட்பட்டிருந்தாற் குள்ள வழியினது என்று ஐயுறலாம். விதை இறங்காத குட்டியைக் கொண்டு எதனையும் துணிதல் கூடாது. சிறிய இனங்கள் ஏறக்குறைய ஆறு மாதத்தில் முழு நிறையை அடையும். பேரினங்கள் ஓராண்டு வரையிலும் வளரும்.

உண்மைக் குள்ளனின் தலை உடலுக்கு மிஞ்சிப் பருத்து உருண்டிருக்கும். காது 5 அல்லது 6 சென்ரிமீற்றரளவிற் குறுகியிருக்கும். இத்தன்மையைத் தரும் பரம்பரையலகு 2017ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அதனைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற குட்டி பிறந்த சில நாட்களில் இறந்துவிடும். இரு குள்ள முயல்களைச் சேர்த்தாற் சராசரி நான்கில் ஒரு குட்டி இவ்வாறு மாளும். நோயென்று எண்ணி மருந்து தேடுவதாற் பயனில்லை.

5. காதும் மயிரும்

இரு காதும் கன்னத்தின் பக்கமாகத் தொங்குமாயின் தொங்குகாது இனத்தின் கலப்பு இருக்கின்றது எனலாம். ஆயின், இவ்வினக் குட்டிகளின் காதுகளும் முதற் சில வாரங்களில் நிமிர்ந்தே நிற்கும். ஒன்று நிமிர்ந்து மற்றொன்று சாய்ந்திருப்பது கலப்பினால் நேரலாம். நேற்றுவரை நிமிர்ந்திருந்த காது இன்று திடீரெனச் சாயுமாயின், அஃது இனக்குறியன்று. காதினுள் உண்ணியோ புண்ணோ உண்டாகியிருக்கலாம். தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வெப்பமான சூழலில் வளரும் முயலின் காது, குளிரில் வளர்வதன் காதைவிடச் சற்றே நீளமாக வளரும் என்பதும் அறியத்தக்கது. ஆகையாற் சிறிதளவு நீளவேற்றுமையைப் பெரிதாகக் கொள்ளலாகாது.

மயிரமைப்பு நிறத்தினும் சிறந்த சான்றாகும். உடல் முழுவதும் பஞ்சு போன்ற நீண்ட மயிர் இடையறாது வளர்வது அங்கோரா வழியைக் காட்டும். மயிர் குறுகி, வெல்வெற்றுத் துணி போல நிமிர்ந்து, மீசைமயிரும் சுருண்டிருந்தால் ரெக்ஸ் வழியினது என ஊகிக்கலாம். ரெக்ஸ் முயல் 1919ஆம் ஆண்டளவிற் பிரான்சிற் கண்டறியப்பட்டது. கழுத்தைச் சுற்றி மாத்திரம் நீண்ட மயிர் இருப்பது சிங்கத்தலை முயலின் குணம். அக்குணம் பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலும் வெளிப்படுமாதலால், பிடரிமயிர் உள்ளன யாவும் சிங்கத்தலை இனமாகா.

6. காட்டு முயற் கலப்பு என்னும் கூற்று

கபில நிற முயலைக் காட்டி, "இது நம் காட்டு முயலின் கலப்பு; நோய் தாங்கும்" என்று கூறுவாருளர். இது நிகழக்கூடியதன்று. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் பிடரி கறுத்த காட்டு முயல் வேறு சாதியைச் சேர்ந்தது. வளர்ப்பு முயலுக்கு நிறமூர்த்தங்கள் 44. காட்டு முயற் சாதிக்கு 48. இரண்டும் கலந்து வாழும் குட்டிகளைத் தருவதில்லை.

குட்டிகளைக் கண்டாலே வேறுபாடு விளங்கும். வளர்ப்பு முயலின் குட்டி மயிரின்றி, கண் மூடியபடி, தாய் அமைத்த கூட்டிற் பிறக்கும். காட்டு முயலின் குட்டியோ மயிருடனும் திறந்த கண்ணுடனும் புல்லிடையே பிறக்கும். தாய் அதனைப் பகலில் தனியே விட்டு, இருள்சூழும் வேளையில் வந்து பாலூட்டும். அரிவி வெட்டும் காலத்தில் வயலோரத்தில் இத்தகைய குட்டியைக் காண்பவர், தாயற்றதென்று எண்ணி வீட்டிற்கு எடுத்துச் செல்லலாகாது. வெட்டும் இடத்திலிருந்து சற்று விலக்கிப் புல்லில் விடுவதே தக்கது.

7. ஊகத்தை முறைப்படுத்தல்

முயல் வீட்டிற்கு வந்த நாளிலேயே ஒரு கொப்பியிற் குறிப்பெழுதத் தொடங்குக. மரக்கறி நிறுக்கும் தராசே போதுமானது. மூடியுள்ள கூடையிலிட்டு நிறுத்து, கூடையின் நிறையைக் கழித்துவிடுக. வாரத்திற்கு ஒரு நாள், தீனியிடுமுன், ஒரே வேளையில் நிறுத்தல் வேண்டும். காதின் நீளத்தை மாதம் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்க.

உதாரணமாக, வெள்ளை மயிரும் சிவந்த கண்ணும் நிமிர்ந்த காதும் உள்ள ஓர் ஆண் குட்டி, வந்த நாளில் 900 கிராம் நிறையுடன் இருந்ததாகக் கொள்வோம். விதை இறங்கவில்லை. இந்நிலையில் எழுதத்தக்கது "வயது 10 வாரத்திற்கு உட்பட்டது போலும், இனம் துணிய இயலாது" என்பதே. மூன்று மாதம் கழித்து அதே முயல் 2.6 கிலோகிராமாகி இன்னும் நிறையேறி வருமாயின், குள்ள இனங்களும் டச்சு முதலிய சிற்றினங்களும் நீங்கிவிடும். ஓராண்டில் 3.6 கிலோகிராமில் நிலைத்து, தோளும் பின்தொடையும் பருத்து உருண்டிருந்தால், "நியூசிலாந்து வெள்ளையைப் போன்றது, வமிசாவளி அறியப்படாதது" என்று எழுதலாம். இதற்குமேல் எழுதுதல் நேர்மையன்று. நிறத்தையும் மயிரையும் தரும் பரம்பரையலகுகளை ஆய்கூடங்களிற் சோதிக்க இக்காலத்தில் வழியுண்டு. எனினும், அச்சோதனைகள் நிறத்தின் காரணத்தைக் கூறுமேயன்றி இனத்தைக் கூறா.

8. ஊகத்தினால் ஆகும் பயன்

கூடு: வளர்ந்தபின் அடையும் நிறையை எதிர்பார்த்தே கூட்டை அமைத்தல் வேண்டும். முயல் மூன்று தாவல் தாவவும், காது கூரையிற் படாது பின்காலில் எழுந்து நிற்கவும் இடமிருத்தல் அவசியம். குள்ளனென்று நம்பிச் சிறு பெட்டியில் அடைக்கப்பட்ட முயல் 4 கிலோகிராமாக வளரும்போது திரும்பவும் இயலாது துன்புறும்.

வெப்பம்: முயலுக்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் இல்லை. 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் அதனை வருத்தும். ஆண் முயல்கள் சில காலம் மலடாதலும் உண்டு. நீண்ட மயிருடையனவும் மிகப் பருத்தனவும் பெரிதும் வருந்தும். இவ்வகையினவாக ஊகிக்கப்பட்டவற்றை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். தாழ்நிலத்தில் அங்கோரா வழியினவற்றின் மயிரைக் குறுகக் கத்தரித்தல் வேண்டும்.

தீனி: எவ்வினமாயினும் புல்லே முதல் உணவு. கரட் இலை, கோவாவின் வெளியிலைகள் முதலியவற்றைச் சிறிதளவு சேர்க்கலாம். பூச்சிகொல்லி தெளித்த பாத்தியின் இலைகளையும், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் இலைகளையும் இடலாகாது.

இனவிருத்தி: இனத்தின் பெயரைச் சொல்லி விற்கும் நோக்கத்துடன் முயல் வளர்க்க விரும்புவோர், வமிசாவளிக் குறிப்புள்ள முயல்களையே பண்ணையிலிருந்து பெறுதல் வேண்டும். செல்லமாகப் பெற்ற முயலை இதற்குப் பயன்படுத்துதல், களஞ்சியத்து நெல்லை விதைநெல்லென்று விற்பதை ஒக்கும். வீட்டுத் தேவைக்கு மாத்திரம் வளர்ப்போர்க்கு இத்தடையில்லை; வளர்ச்சியும் நிறையும் மிக்க முயல்களைத் தெரிந்து சேர்த்தாற் போதும்.

வெளியே விடாமை: வளர்க்க இயலாதவிடத்து முயலைத் தோட்டத்திலோ காட்டிலோ விட்டுவிடலாகாது. பெரும்பாலானவை நாய்க்கும் பாம்புக்கும் இரையாகும். எஞ்சுபவை என்ன செய்யுமென்பதை அவுஸ்திரேலியாவின் வரலாறு கூறும். அந்நாட்டிற்கு 1788ஆம் ஆண்டு முதலே பழகிய முயல்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றாற் பெருங்கேடு விளையவில்லை. 1859ஆம் ஆண்டில் தோமஸ் ஒஸ்ரின் என்பார் விக்டோரியா மாநிலத்திலுள்ள தம் நிலத்திற்கு இங்கிலாந்திலிருந்து காட்டுவழி முயல்களைத் தருவித்தார். கண்டமெங்கும் பயிரையும் புல்வெளியையும் அழித்த முயற்கூட்டம் பெரும்பாலும் அவற்றின் வழித்தோன்றல்களே என்பதை 2022ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டியது. எந்த முயலின் இரத்தத்தில் எத்தன்மை மறைந்துள்ளது என்பது புறத்தோற்றத்தால் விளங்காது. ஆகவே, வமிசம் தெரியாத முயலை மரக்கறித் தோட்டத்தருகே அவிழ்த்துவிடுதல் எவ்வாற்றானும் தகாது. வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

9. நினைவிற் கொள்ளத்தக்கவை

(1) வமிசாவளிக் குறிப்பில்லாத முயலைக் கலப்பு முயலென்றே கொள்க.
(2) முதலில் வயது, அடுத்து நிறை, பின்னர் மயிர், காது, உடலமைப்பு, இறுதியில் நிறம் என்னும் ஒழுங்கிற் பார்க்க.
(3) வெள்ளை நிறமும் சிவந்த கண்ணும் ஓரினத்திற்கு மாத்திரம் உரியன அல்ல.
(4) கறுத்த மூக்கும் காதும் தாழ்நில வெப்பத்தில் மங்கும்.
(5) ஆறு வாரக் குட்டியைக் குள்ள இனமென்று நம்பி மிகுந்த விலை கொடாதீர்.
(6) வாரந்தோறும் நிறுத்து எழுதுக. விற்றவர் சொல்லினும் தராசின் சொல்லே நம்பத்தக்கது.
(7) முயலைக் கூட்டுக்கு வெளியே நிலையாக விட்டுவிடாதீர்.

இனம் இன்னதென்று துணியமுடியாத முயலும் நல்ல முயலே. அதன் பெயரை அறியாவிடினும், நிறையையும் மயிரையும் அறிந்தவர் அதற்கேற்ற கூடும் நிழலும் தீனியும் அளிக்கலாம். நோய்க்குறி தோன்றின், அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற்கு முயலையும் குறிப்புக் கொப்பியையும் ஒருங்கே கொண்டுசெல்க. தவறாது எழுதிய நிறைக்கணக்கு வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.